மூன்று மாதமாகப் போடாத பதில்

அன்புள்ள மாப்ள,

பிப்ரவரி கடைசியில் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய்: "ஒழுங்காத் தூங்குறியாடா?" நான் பார்த்துவிட்டதாக நீலக் கோடு உனக்குக் காட்டியிருக்கும். ஆனாலும் பதில் போடவில்லை. தூங்கவில்லை என்று சொன்னால் நீ உடனே கூப்பிடுவாய், அரை மணி நேரம் போய்விடும் என்று கணக்குப் பார்த்தேன். உன்னிடமே கணக்குப் பார்த்தோமே என்று இப்போது நெஞ்சு உறுத்துகிறது. அதனால்தான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் எழுதிக்கொண்ட மாதிரி காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

செமஸ்டர் முடிந்தது. ஐந்து தாள், இரண்டு பிராக்டிகல், ஒரு வைவா. குவாண்டம் மெக்கானிக்ஸுக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். படித்த சமன்பாடு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ரெகார்டு நோட்டின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது. எப்படியோ எழுதிவிட்டேன். பாஸ் ஆகிவிடும். பரீட்சையைப் பற்றி இது போதும்.

கடைசித் தாள் முடிந்த மறுநாள் விடியற்காலையில் நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு துண்டும் கைலியுமாகக் கிளம்பினோம். கும்பகோணத்தில் பஸ் ஏறி, மயிலாடுதுறையில் மாறி, ஆக்கூர், திருக்கடையூர் தாண்டித் தரங்கம்பாடி. பழைய நகர வாசலுக்குள் நுழைந்து ராஜ வீதியில் நேராக நடந்தால், தெரு முடிகிற இடத்தில் கடல். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை அவர்களுக்கு இதுதான் வீடு. இவ்வளவு அமைதியான தெருவை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

ஆனால் அக்னி நட்சத்திர வெயில். மணலில் கால் வைக்க முடியவில்லை. கோட்டைப் பக்கம் கிடைத்த நிழலில் துண்டை விரித்துப் படுத்தோம். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று வர ஆரம்பித்தது. தரை சீக்கிரம் சூடாகும், தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் பகலில் காற்று கடலிலிருந்து தரைக்கு வரும் என்று நீயும் நானும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோமே, அந்தக் காற்றுதான். அது முகத்தில் பட்டது தெரியும். அதற்கப்புறம் எதுவும் தெரியாது. எழுப்பும்போது மணி நாலரை. கனவுகூட இல்லாத தூக்கம்டா. உன் கேள்விக்கு அன்றைக்குத்தான் எனக்குப் பதில் கிடைத்தது.

சாயங்காலம் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போனோம். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அலையைத் தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் ஏறி உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, ஃபைபர் படகுகள் மட்டும்தான் போய்வருகின்றன என்றார். 2004 டிசம்பரைப் பற்றி அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இருட்டத் தொடங்கும்போது திருவாரூர்க்காரன், என் ரூம்மேட், கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் அடுத்த செமஸ்டருக்கு வரலடா."

யாரும் பேசவில்லை. அவனே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அறுவடை சமயத்தில் பெய்த மழையில் வீட்டில் நெல் நனைந்து போயிருக்கிறது. அப்பா தலையில் கடன். ஊருக்குப் போவதாக எழுதிக்கொடுத்து மெஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, ரூமிலேயே இருந்துகொண்டு, ராத்திரியில் ஒரு டீயும் பன்னுமாக மார்ச் முழுக்க ஓட்டியிருக்கிறான். என் கட்டிலுக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மேசைதான் மாப்ள. "சாப்டியா?" என்று நான் கேட்டிருக்கிறேன், கேட்காமல் இல்லை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டிருக்கிறேன். அவனும் "ஆச்சுடா" என்றிருக்கிறான்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் அவன் தோளில் கை போட்டேன். மற்ற இரண்டு பேரும் நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தார்கள். வெகு நேரம் அலைச்சத்தம் மட்டும்தான். பிறகு அவன் அழுதான். அழட்டும் என்று விட்டோம்.

அப்புறம் பொறையாருக்கு நடந்துபோய் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். வறுத்த மத்தியும் சோறும். பரிமாறிய அக்கா அவன் இலையைப் பார்த்துப் பார்த்துச் சோறு வைத்தார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு நாங்கள் மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் புரட்டிவிடுவோம். அதை வாங்கிக்கொள்ள அவன் முதலில் சம்மதிக்கவே இல்லை. சம்பாதித்துத் திருப்பித் தருகிறேன் என்ற பேச்சின் மேல்தான் இறங்கி வந்தான். இங்கேதான் உன் உதவி வேண்டும். கோயம்புத்தூரில் நீ பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தானே படித்தாய்? ஆன்லைனில் இயற்பியல் சொல்லித்தர யாராவது ஆள் தேடுகிறார்களா என்று விசாரித்துச் சொல். என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவான். எனக்கு வேவ் ஃபங்ஷன் புரிந்ததே அவன் மேசையில் சாக்பீஸால் வரைந்து காட்டிய பிறகுதான்.

உன் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ தூங்குகிறாயா? நான் உன்னிடம் இதைக் கேட்டதே இல்லை.

ஜூன் 14உடன் தடைக்காலம் முடிகிறது. அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு வா. மறுபடியும் தரங்கம்பாடிக்குப் போவோம், ஐந்து பேராக. விசைப்படகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும், நல்ல மீன் கிடைக்கும் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் மாப்ள