அது வீடியோ கேம் கம்பெனி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வணிகப் பக்கத்தில் லண்டன் பங்குச் சந்தையைப் பற்றி வந்த செய்தியில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அடுத்த வரியில் ‘வீடியோ கேம் நிறுவனம்’ என்று போட்டிருந்ததைப் படிக்கும் வரை. நான் வேலைக்காக நாட்டிங்காம் வந்து 11 வருடம் ஆகிறது. அந்தக் கம்பெனியின் தலைமையிடம் இங்கே லென்டன் பகுதியில் இருக்கிறது, என் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். வார்ஹேமர் என்ற அவர்களுடைய பொம்மைப் போர் விளையாட்டின் பெயரில் வீடியோ கேம்கள் வருவது உண்மைதான், ஆனால் அவற்றைச் செய்கிறவர்கள் வேறு ஆட்கள், இந்தக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமம் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறார்கள். இவர்கள் கடையில் விற்பது பொம்மை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொம்மை, வாங்கி வண்ணம் பூசி மேஜையில் படையாக நிறுத்தி ஆடுவார்கள்.

1975-ல் மூன்று நண்பர்கள் லண்டனில் மரத்தில் விளையாட்டுப் பலகைகள் செய்து விற்று ஆரம்பித்த கம்பெனி அது. அந்தப் பலகைகளில் மான்காலாவும் ஒன்று, அதாவது நம்ம பல்லாங்குழிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். 1983-ல் வார்ஹேமர் வந்தது, 2024 டிசம்பரில் சந்தையின் முதல் 100 கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது. சரி, கம்பெனிக் கதை போதும், அதன் விலைகளைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும். நான் அவர்கள் பொம்மைகளில் விளையாடுவதும் இல்லை. என்னுடையது நெப்போலியன் காலத்துப் படை, பெர்ரி சகோதரர்கள் செய்பவை, அவர்களும் இதே ஊர்தான். இரட்டையர்கள். அதில் மைக்கேல் பெர்ரி 1996-ல் பிரான்சில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும்போது பீரங்கி வெடித்து வலக் கையை இழந்தவர், பிறகு இடக் கையால் பொம்மை வடிக்கப் பழகிக்கொண்டார். இதையெல்லாம் ‘வீடியோ கேம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் எப்படி?

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பொம்மை முழுசாக வராது. கை, தலை, துப்பாக்கி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும், வெட்டி எடுத்து, பிசிறு சுரண்டி, பசை போட்டு ஒட்ட வேண்டும். அப்புறம் பிரைமர் ஸ்பிரே, அதாவது வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. முதல் வருடம் ஜனவரி ஈரக் குளிரில் பால்கனியில் நின்று அடித்தேன், 30 சிப்பாய்களும் ரவையில் புரட்டி எடுத்த மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டார்கள், அதை மறைக்க எந்த வழியும் இல்லை, இன்றைக்கும் பின்வரிசையில்தான் நிற்கிறார்கள். பிரைமர் காய்ந்த பிறகு சிப்பாயின் கோட்டுக்கு நீலம், தோள்பைக்கு வெள்ளை, அதன் மேல் தண்ணியாகக் கரைத்த பழுப்பு மை, அது மடிப்புகளுக்குள் தானாக ஓடி நிழல் போட்டுக்கொள்ளும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். நம்ம ஊரில் சிலைக்குக் கடைசியில்தானே கண் திறப்பார்கள், இங்கே நிறைய பேர் கண்ணை முதலில் போடுவார்கள், ஏனென்றால் அது எப்படியும் கோணலாகத்தான் வரும், பிறகு முகத்து நிறத்தை வைத்துச் சுற்றிலும் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரு படைப்பிரிவுக்கு எனக்கு இரண்டு மாதம் பிடிக்கும். விளையாட்டு வருவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிறு எப்படி இருக்கும் என்றால், ஆறடி நீள மேஜை, பச்சை விரிப்பு, அட்டையில் செய்த பண்ணை வீடு, கையில் இன்ச் டேப், நாலு பகடை. எதிரில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நாங்கள் ஆடுவது பிளாக் பவுடர் என்ற விதிப்புத்தகத்தை வைத்து. அதில் உத்தரவை முதலில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், ‘இந்தப் பட்டாளம் வேலியைத் தாண்டிப் பண்ணை வீட்டுக்குப் போகட்டும்’ என்று. சொன்ன பிறகுதான் இரண்டு பகடை உருட்டுவோம். தளபதியின் திறமைக்கு விதிப்படி ஒரு எண் உண்டு, அது 8 என்றால், கூட்டுத்தொகை எட்டுக்குள் இருந்தால் போகும், இன்னும் குறைவாக விழுந்தால் இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடும், எட்டுக்கு மேல் போனால் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு ஆறு விழுந்தால் குளறுபடி. போன மாதம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் எனக்கு இரண்டு ஆறு விழுந்து, என் குதிரைப்படை எதிரியை விட்டுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தது. அவர் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார், நான் கேட்காமலேயே சர்க்கரை கூடப் போட்டு.

போர் விளையாட்டு என்றால் வன்முறையைச் சொல்லிக்கொடுக்கும் என்று இந்தக் கடிதத்தைப் பார்த்து யாராவது எழுதக்கூடும். ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் வீட்டுத் தரையில் ஆடும் பொம்மைப் போருக்கு விதி எழுதிப் புத்தகமே போட்டார், அதன் கடைசியில் அவர் சொல்வது, இதை மூன்று நாலு முறை ஆடிப்பார், நிஜப் போர் எவ்வளவு குளறுபடியான சமாச்சாரம் என்று புரிந்துவிடும் என்பதுதான். என் குதிரைப்படையைப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும்.

எனவே, இடமிருந்தால் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். ‘பொம்மைப் படை விளையாட்டு’ என்று போட்டாலே போதும். இதைப் படித்து யாருக்காவது ஆசை வந்தால் எடுத்தவுடனே பெட்டி பெட்டியாக வாங்கிவிட வேண்டாம், அட்டையைச் சதுரமாக வெட்டி ‘குதிரை’, ‘பீரங்கி’ என்று எழுதி ஆடிப் பாருங்கள். நான் அப்படிச் செய்யாததால் பிரைமரோடு 23 குதிரை வீரர்கள் அலமாரியில் நிற்கிறார்கள், மூன்று வருடமாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாட்டிங்காம்