டோங்காவில் பார்த்த ஆட்டம்: பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். "டூரிஸ்டுக்காகப் போடுற வேஷம்தானேம்மா, அதுக்கு ஏன் காசைக் கொடுத்துப் போறீங்க" என்றாய். பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா நாட்டுக்குப் போய், விருந்தும் ஆட்டமும் பார்த்துவிட்டு ஆக்லாந்து வந்து சேர்ந்தாயிற்று, துணியெல்லாம் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது. நீ சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

கூட வந்தவர்கள் நடைப்பயிற்சி சிநேகிதிகள் இரண்டு பேர், அப்புறம் முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்த்த டோங்கா அக்கா. உனக்கு ஞாபகம் இருக்கும், 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலுக்குள் எரிமலை வெடித்து, கேபிள் அறுந்து, ஒரு மாதத்துக்கு மேல் நாட்டில் ஒழுங்கான இன்டர்நெட்டே இல்லாமல் போனதே, அப்போது ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று வேலை நேரத்திலும் போனைக் கையில் பிடித்தபடி அலைந்தவர். அம்மா நன்றாக இருக்கிறார், பார்த்தேன், என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

விருந்து டோங்காடாபு தீவின் கிழக்குப் பக்கம், ஓஹோலெய் கடற்கரையில். சாப்பாடு கடலோரத்தில், ஆட்டம் பக்கத்தில் இருக்கும் ஹினா குகைக்குள். ஜெபம் முடியும்வரை யாரும் தட்டைத் தொடவில்லை. பன்றியைக் கம்பில் குத்தி நெருப்பின்மேல் சுற்றிச் சுற்றிச் சுடுகிறார்கள், எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை, சிநேகிதிகள் இரண்டு பேரும் தோலுக்கு அடித்துக்கொண்டார்கள். நான் உமு பக்கம் போய் நின்றுகொண்டேன். உமு என்றால் குழி அடுப்பு. விறகை எரித்துக் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, இலையில் கட்டிய பொட்டலங்களையும் கிழங்குகளையும் அதன்மேல் அடுக்கி, வாழையிலையும் சாக்கும் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் சில மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடுகிறது, நடுவில் திறந்து கிளறுகிற வேலையே கிடையாது. சேப்ப இலைக்குள் இறைச்சியும் வெங்காயமும் வைத்து, தேங்காயின் முதல் பாலை ஊற்றிக் கட்டுவதற்குப் பெயர் லூ. அந்த இலை அரிக்குமே என்று பயந்தேன். அத்தனை நேரம் வெந்ததில் வாயில் போட்டதும் குழைந்துவிட்டது. எனக்காக அக்கா கோழி வைத்துக் கட்டச் சொல்லியிருந்தார். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேங்காய்ப்பால் சேர்த்த ஓடா இகாவை மட்டும் மூன்று முறை வாங்கினேன், உன் அப்பாவிடம் சொல்லாதே.

இப்போது, நீ வேஷம் என்றாயே, அந்த 'ஒரிஜினல்' விஷயம். மற்றவர்கள் சாப்பிட்ட லூ புலுவில் இருந்தது டின்னில் வரும் கார்ன்ட் பீஃப். லூ சிப்பி என்று ஒன்று உண்டு, அதற்கான கொழுப்பு ஆட்டிறைச்சி இங்கே நியூசிலாந்திலிருந்து கப்பலேறிப் போகிறது. டூரிஸ்டை ஏமாற்ற யாரும் டின் திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டதும் இதேதான். ஆட்டமும் அப்படித்தான். ஆண்கள் தடியைச் சுழற்றி ஆடிய கைலாவோ, டோங்காவைச் சேராத ஊவேயா தீவிலிருந்து வந்தது. நெருப்புக் கத்தி ஆட்டமோ சமோவாக்காரர்களுடையது, அது எங்களுக்காகச் சேர்த்த சரக்கு என்று அக்காவே சிரித்தார். டோங்காவின் பெரிய ஆட்டம் லகலகா. 2003-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் கலைகளில் ஒன்றாக அறிவித்தது. வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள் என்று ஊரே வரிசையில் நின்று பாடிக்கொண்டே ஆடுவது, சில சமயம் நூற்றுக்கணக்கான பேர். அதற்கு அந்தக் குகை எங்கே போதும்? அதனால் பாதி சரி என்றேன்.

தஉஒலுங்கா வந்ததும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரே ஒரு பெண், பதினேழு பதினெட்டு வயதிருக்கும், தோளெல்லாம் தேங்காயெண்ணெய் மினுங்குகிறது. முழங்கால்கள் சேர்ந்தே இருக்கின்றன, இடுப்பு அசைவதே தெரியவில்லை, எல்லாப் பேச்சும் மணிக்கட்டிலும் விரலிலும்தான், நடுநடுவே தலை மட்டும் சட்டென்று ஒரு பக்கம் வெட்டும். இந்த ஆட்டத்துக்கான பாட்டுகள் பலவற்றைக் கட்டியவர் அவர்களுடைய ராணி சாலோட்டே. நீ இருக்கும் லண்டனில் 1953 எலிசபெத் ராணி முடிசூட்டு ஊர்வலத்தன்று, கொட்டும் மழையில் வண்டியின் கூரையை மூடவிடாமல் நனைந்துகொண்டே சிரித்துக் கையசைத்துப் போனாரே, அவரேதான்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் எழுந்து போய் அவள் தோளிலும் கையிலும் பணத்தை ஒட்ட ஆரம்பித்தார்கள், எண்ணெயில் நோட்டு அப்படியே ஒட்டிக்கொள்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. கரகாட்டத்தில் ஆடுகிற பெண்ணின் ஜாக்கெட்டில் நோட்டைக் குத்துவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அப்போது கூட்டத்தில் எழும் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இங்கே அந்தச் சிரிப்பு இல்லை. ஃபகபாலே என்பார்களாம், கல்யாணத்திலும் பள்ளிக்கூடத்துக்கோ சர்ச்சுக்கோ பணம் திரட்டும்போதும் இதே பழக்கம்தான், அரச குடும்பத்துப் பெண் ஆடினாலும் ஒட்டுவார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா எழுந்து போய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கோணல்மாணலாகக் குதித்து ஆடினார். இதுவும் மரியாதைதான், பக்கத்தில் ஒருத்தி கோமாளித்தனம் செய்தால் நடுவில் ஆடுபவளின் நளினம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அறுபது வயது, மூட்டுவலி, ஆனால் துளிக் கூச்சமில்லை. அப்புறம் நானும் அவர்கள் பணத்தில் பத்து பாங்கா நோட்டோடு போனேன். ஆடவில்லை, ஒட்டிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து பஸ் வருகிறது வருகிறது என்று நெடுநேரம் கொசுக்கடியில் நின்றோம். ஆடிய பெண் அங்கேயே தன் பாட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள், என்னவென்று அக்காவைக் கேட்டால், இரண்டாம் பாட்டில் தலை வெட்டியது தாளத்துக்குப் பிந்திவிட்டதாம். எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. டிக்கெட் வாங்கி வந்த நாங்கள் கைதட்டிவிட்டோம், பாட்டிக்கு அது போதவில்லை. அடுத்த மாதம் மாமா மகன் கல்யாணத்தில் இதே பாட்டுக்கு ஆடப் போகிறாளாம். இதைப் போய் வேஷம் என்று என்னால் சொல்ல முடியவில்லை பாப்பா.

நீ சலங்கையை எடுத்து வைத்தது பற்றி எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், கேட்கவில்லை.

லீவு கிடைத்தால் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் வா, அப்போது திமிங்கலங்கள் குட்டி போட அந்தக் கடலுக்கு வரும், இரண்டையும் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதே, அன்று அங்கே விமானமும் கிடையாது, கடையும் கிடையாது, அவர்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தேதி முடிவானதும் சொல்லு, அக்காவிடம் லூவுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அம்மா