கப்பலுக்குப் போகும் தம்பிக்கு: நேவி வருவதற்கு முந்தைய 15 நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்காட்டுக்காரன் நீ, பல்க் கேரியரில் (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்) டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, ஏறப் போகிறாய். அரபிக்கடலும் ஏடன் வளைகுடாவும் உன் வழியில் வரும். "கொள்ளைக்காரன் வந்தா நேவி வந்துருமில்ல?" என்று உன் அம்மா கேட்டபடி இருக்கிறார். வரும். 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் நம் போர்க்கப்பல்கள் ரோந்து போகின்றன. ஆனால் வந்தவர்களால் என்ன செய்ய முடியும் என்பது, அதற்குள் நீங்கள் கப்பலில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கணக்கைப் பார். கொள்ளையரின் ஸ்கிஃப் என்ற சிறு விசைப்படகு 25 நாட் (மணிக்கு 25 கடல்மைல்) வரை ஓடும். சரக்கு ஏற்றிய உன் கப்பல் 13 நாட். 3 கடல்மைலில் பின்னாலிருந்து வருகிறவனைப் பார்த்தால், அவன் உன்னைத் தொட 15 நிமிடம். கவனிக்காமல் 1 மைலில் பார்த்தால் 5 நிமிடம். 18 நாட்டுக்கு மேல் ஓடும் கப்பலில் ஏறுவது அவர்களுக்கு மிகக் கடினம். பல்க் கேரியருக்கு அந்த வேகம் கிடையாது, பாரம் ஏற்றினால் பக்கச்சுவரும் தாழ்ந்துவிடும். கொக்கி வைத்த அலுமினிய ஏணி ஒன்று போதும். சுக்கானை ஒரேயடியாகத் திருப்பித் தப்பிக்கலாம் என்று நினைக்காதே. கொண்டை ஊசி வளைவில் ஏற்காடு பஸ் போல, பெரிய திருப்பத்தில் கப்பலும் வேகத்தை இழக்கும். சிறு சிறு திருப்பங்கள்தான் சரி.

கரைக்கு ரகசியமாக அபாயச் செய்தி அனுப்பும் எஸ்எஸ்ஏஎஸ் பட்டனை அழுத்தி, கப்பல்களின் அவசரத் தகவலைப் பெறும் பிரிட்டிஷ் மையமான யுகேஎம்டிஓவுக்குச் செய்தி சொல்லியும் அவன் ஏறிவிடுவான் என்று தெரிந்தால், கேப்டன் உத்தரவிட்டதும் இன்ஜினை நிறுத்திவிட்டு சிட்டாடலுக்குள் (உள்ளிருந்து பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு அறை) போக வேண்டும். கமாண்டோக்கள் ஏறுவதற்கு முன் மூன்றைக் கேட்பார்கள். எல்லோரும் உள்ளே இருக்கிறார்களா, ஒருவர்கூட விடாமல்? உள்ளிருந்து இருவழியிலும் பேச முடிகிறதா? இன்ஜினும் ஸ்டியரிங்கும் கொள்ளையர் கைக்குப் போகாமல் இருக்கிறதா?

முதல் கேள்வியில்தான் பல கப்பல்கள் தோற்கும். 20 பேர் உள்ளே இருந்து ஒரு சமையல்காரர் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டால், அவர் தலையில் துப்பாக்கி வைத்து மொத்தக் கப்பலையும் பிடித்துவிடலாம். டூட்டி முடிந்து தூங்குகிறவர், போனை எடுக்கத் திரும்பி ஓடுகிறவர், இப்படி யாராவது ஒருவர். பெயர்ப் பட்டியலைக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி, எண்ணிவிட்டுப் பூட்டுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு விஎச்எஃப் ரேடியோ மட்டும் போதாது. இரும்புச் சுவருக்குள் அது ஊமை. சாட்டிலைட் போனும், பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் அறை) ஆன்டெனாக்களோடு சேராத தனி ஆன்டெனாவும் வேண்டும். பல நாளுக்குத் தண்ணீர், சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, டார்ச், கழிப்பறைக்கு மூடியுள்ள வாளி. இதையெல்லாம் டிரில் நாளில் யாரும் சரிபார்ப்பதில்லை.

2024 ஜனவரி 4 அன்று லீலா நார்ஃபோக் கப்பலில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஏறினார்கள். 15 இந்தியர் உட்பட 21 பேரும் சிட்டாடலுக்குள். மறுநாள் ஐஎன்எஸ் சென்னை எட்டிப்பிடித்தது. நம் கடற்படைக் கமாண்டோக்களான மார்கோஸ் வீரர்கள் ஏறித் தேடியபோது கொள்ளையர் கப்பலில் இல்லை. ஆளில்லாக் கப்பலைப் பிடித்து வைத்து அவர்களுக்கு என்ன லாபம்? ஆனால் சிட்டாடல் நேரத்தை மட்டும்தான் வாங்கித் தரும். 2011 ஜனவரியில் பெலுகா நாமினேஷன் கப்பலின் ஊழியர்கள் சரியாகத்தான் ஒளிந்தார்கள். பக்கத்தில் போர்க்கப்பல் இல்லை. கொள்ளையர் வெட்டும் கருவியால் சிட்டாடலை அறுத்து ஆட்களைப் பிடித்துவிட்டார்கள்.

ஆள் கையில் சிக்கிவிட்டால் வேலை எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு எம்வி ரூயென் கப்பல் ஓர் உதாரணம். 2023 டிசம்பர் 14 அன்று பிடிபட்டு, மூன்று மாதம் கழித்து, இந்தியக் கரையிலிருந்து 2,600 கி.மீ. தொலைவில் ஐஎன்எஸ் கொல்கத்தா அதை மறித்தது. கொள்ளையர் டிரோனைச் சுட்டார்கள், போர்க்கப்பலையும் சுட்டார்கள். கண்டபடி திருப்பிச் சுட்டால் பணயக்கைதி சாவான். அதனால் ஸ்டியரிங்கையும் வழிகாட்டும் கருவிகளையும் மட்டும் குறிவைத்து முடக்கினார்கள். சி-17 விமானத்திலிருந்து மார்கோஸ் வீரர்கள் படகுகளோடு கடலில் குதித்தார்கள். 40 மணி நேரம் கழித்து, மார்ச் 16 அன்று 35 பேர் சரணடைந்தனர், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். கைதானவர்கள் 2022 கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தின்படி வழக்குக்காக மும்பைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. 2008 நவம்பரில் ஐஎன்எஸ் தபார், தன்னை மிரட்டிய கொள்ளையரின் தாய்க்கப்பலை (ஸ்கிஃப் படகுகளை ஏவும் பெரிய கப்பல்) சுட்டு மூழ்கடித்தது. அது கடத்தப்பட்ட தாய்லாந்து மீன்பிடிக் கப்பல் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் ஊழியர்களில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். தூரத்திலிருந்து பார்க்கும் கப்பலுக்குள் யார் கைதி, யார் கொள்ளையன் என்று வெளியிலிருந்து தெரியாது.

அதனால் கமாண்டோ உள்ளே வரும்போது அவருக்கு நீயும் சந்தேகத்துக்குரிய ஆள்தான். போனில் பேசி உறுதி செய்யும் வரை கதவைத் திறக்காதே. தட்டும் சத்தத்தை நம்பாதே. அவர் வந்ததும் தரையில் படுத்து, வெறுங்கையைத் தலைமேல் தெரியும்படி வை. ஓடாதே, கட்டிப்பிடிக்காதே, பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதே. பெயரைக் கடுமையாகக் கேட்பார், கை கட்டினாலும் கட்டுவார். கோபப்படாதே.

போகும் முன் கம்பெனியின் டிபிஏ (கப்பலுக்குப் பொறுப்பான கரை அதிகாரி) எண்ணைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடு. மிரட்டல் அழைப்பு எதுவும் வீட்டுக்கு வந்தால், பணம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நேரத்தையும் எண்ணையும் குறித்து டிபிஏவிடம் சொல்லச் சொல். டிவிக்காரர்களிடம் உன் படத்தைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்.

அன்புடன்,
சேலத்திலிருந்து உன் அண்ணன்