முதல் செமஸ்டரும் பி.பி. பார்ப்பதும்

சேலம், அஸ்தம்பட்டி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. ஏற்காட்டில் இப்போதே ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறதா! இங்கே மத்தியான வெயில் இன்னும் குறையவில்லை. வார்டை விட்டு நர்சிங் காலேஜில் ட்யூட்டர் வேலைக்கு வந்திருக்கிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. உன் கை நேர்த்தி உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

அடிப்படை நர்சிங் பழக்கிக் கொடுக்கும் ஃபவுண்டேஷன் லேபில் எதில் அதிக நேரம் செலவழிக்கலாம் என்று கேட்டிருந்தாய். நர்சிங் கவுன்சில் 2021-ல் செமஸ்டர் முறை கொண்டுவந்த பிறகு, ஃபவுண்டேஷன் பாடம் இரண்டு செமஸ்டருக்குப் பிரிந்துவிட்டது. வைட்டல் சைன்ஸ், அதாவது காய்ச்சல், நாடி, மூச்சு, பி.பி. பார்ப்பது, முதல் பாதியிலேயே வருகிறது. அதிலும் பி.பி.க்குத்தான் நேரம் கொடு என்பேன். பெட் மேக்கிங்கில் தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். பி.பி.யில் தப்பு காதுக்குள் நடக்கிறது. பிள்ளை எந்தச் சத்தத்தைக் கேட்டாள் என்று உனக்குத் தெரியவே தெரியாது.

அதனால் இரண்டு பேர் சேர்ந்து கேட்கிற டீச்சிங் ஸ்டெத் கட்டாயம் வேண்டும். நீயும் அவளும் கேட்டு, தனித்தனிச் சீட்டில் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் காற்றை முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

கஃப், அதாவது கையில் சுற்றிக் கட்டும் பட்டை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. உள்ளே இருக்கும் காற்றுப் பையான பிளாடரின் அகலம் மேல்கைச் சுற்றளவில் 40 சதவீதம், நீளம் 80 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிரஷர் தெரியும்; எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒல்லியான பெண்களின் கையில் பெரிய கஃப் கட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கையைத் தொங்கவிட்டுப் பார்த்தாலும் கூடுதலாகத்தான் வரும்.

பிள்ளைகள் அவசரத்தில் தாவிவிடுகிற படி, பல்ஸைத் தொட்டுப் பார்ப்பது. மணிக்கட்டு நாடி எந்த அளவில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொண்டு, காற்றை இறக்கிவிட்டு, அடுத்த முறை அதற்கு மேல் 30 ஏற்ற வேண்டும். ஏன் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்லிக்கொடு. பிரஷர் உள்ள ஒரு பெரியவருக்கு 190-ல் சத்தம் தொடங்கி, 170-ல் நின்று, 145-ல் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள். உன் மாணவி நாடியைத் தொட்டுப் பார்க்காமல் 160 வரை மட்டும் ஏற்றினால் முதல் சத்தம் 145-ல்தான் கேட்கும். சார்ட்டில் மேல் அளவு 145 என்று ஏறிவிடும். அந்த 190 யாருக்கும் தெரியாது.

முள் நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. இறங்கினால் போதும். வால்வை ஒரேயடியாகத் திறந்தால் முள் சர்ரென்று இறங்கி, மேலது குறைந்தும் கீழது கூடியும் பதிவாகும். டயலில் ஒவ்வொரு கோடும் 2 மி.மீ. ஆகவே உண்மையாகப் பார்த்தவளின் நோட்டில் 118, 126, 134 என்று கலந்து வரும். பக்கம் முழுக்க 120/80, 110/70 என்றே இருந்தால் அவளைக் கூப்பிட்டு உன் எதிரில் பார்க்கச் சொல். திட்டாதே, பயத்தில்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆஸ்கி என்கிற செய்முறைப் பரீட்சைக்குப் படிகளை மனப்பாடமாக ஒப்பிப்பது வேறு, காதால் கேட்பது வேறு.

உங்கள் மலைக் குளிருக்கு ஒன்று. விரல் சில்லிட்டிருந்தால் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்ப முடியாது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிட்டு, மெஷின் காட்டும் பல்ஸும் கையால் எண்ணிய பல்ஸும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே எழுதச் சொல்.

இரண்டாம் செமஸ்டரில் மருந்து கொடுத்தல் வரும். அப்போது இன்சுலின் சிரிஞ்சுகள் இரண்டையும் மேஜையில் வை: சிவப்பு மூடி, ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள வயலுக்கு (மருந்துக் குப்பிக்கு); ஆரஞ்சு மூடி, ஒரு மி.லி.யில் 100 யூனிட் உள்ள வயலுக்கு. 20 யூனிட் கொடுக்க நினைத்து, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளிக்குச் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும். வயலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, அதில் போட்டிருப்பதைச் சத்தமாகப் படித்த பிறகுதான் ஊசியைக் குத்த வேண்டும்.

உன் லேபில் எத்தனை அளவு கஃப் இருக்கிறது என்று எழுது. ஒரே அளவுதான் என்றால் முதல் வேலையாக மற்ற அளவுகளையும் கேட்டு இன்டென்ட் போட்டுவிடு.

அன்புடன்,
உன் சிநேகிதி