லேபில் இருக்கும் அந்தத் தங்கைக்கும், உங்கள் எல்லோருக்கும்

தம்பிக்கு மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கும் கட்டிக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனித்தனியாகப் பதில் போட இப்போது தெம்பில்லை, அதனால்தான் இந்த மடல். பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும். தேதி குறித்த ஆபரேஷன் ஏன் நின்றது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

நிறுத்தியது லேபில் வேலை பார்க்கும் ஒரு பெண். பேர் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு அவரே போன் செய்தார்.

"அக்கா, ஃபார்ம்ல பெரிய பிட்யூட்டரி கட்டின்னு எழுதியிருக்கு. ஸ்கேன்ல என்ன சைஸ் போட்டிருக்காங்க?"

நாலு சென்டிமீட்டருக்கு மேல் என்றேன்.

"அப்போ இந்த ப்ரோலாக்டின் அளவு எனக்கு உறுத்துது. மிச்ச ரத்தம் இருக்கு. நூறு மடங்கு டைல்யூட் பண்ணிப் பார்க்கிறேன். காசெல்லாம் வேண்டாம், டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ப்ரோலாக்டின் என்பது பிட்யூட்டரி சுரக்கும் ஒரு ஹார்மோன். முதல் ரிப்போர்ட்டில் இருந்தது 86. ஆண்களுக்கு 20-க்குள் இருக்க வேண்டியது. ஆனால் கட்டி அவ்வளவு பெரிதாக இருந்து, அதுவே ப்ரோலாக்டின் சுரப்பதாக இருந்தால் அளவு ஆயிரக்கணக்கில் போகுமாம். 86 என்றால், கட்டி பிட்யூட்டரியின் காம்பை அழுத்துவதால் ஏறியது, அவ்வளவுதான் என்று அர்த்தம். அந்த வகைக்குக் கத்திதான் வழி.

டைல்யூட் செய்த பிறகு வந்தது 9,400.

இந்தப் பரிசோதனையில் ஒரே ப்ரோலாக்டின் மூலக்கூறை இரண்டு ஆன்டிபாடிகள் இரு பக்கமும் பிடித்தால்தான் கருவி அதைக் கணக்கில் எடுக்கும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகின்றன. ஜோடி சேராததால் கருவி குறைவாகக் காட்டுகிறது. டைல்யூட் செய்தால் நெரிசல் குறைந்து ஜோடி சேரும், உண்மையான அளவு தெரியும். இதற்கு 'ஹூக் எஃபெக்ட்' என்று பேராம். இப்போதைய கருவிகளில் அபூர்வம் என்கிறார்கள். அபூர்வமானது எங்கள் வீட்டைத் தேடி வந்தது, அதைக் கண்டுபிடிக்கிற ஆளும் அன்று டியூட்டியில் இருந்தார்!

ஆக இது ப்ரோலாக்டினோமா, அதாவது ப்ரோலாக்டினைத் தானே சுரக்கும் கட்டி. கேபர்கோலின் மாத்திரைக்கே பெரும்பாலும் சுருங்கும் கட்டி. மருந்து கேட்கிறதா என்பதையும் இதே ரத்த அளவு இறங்குவதை வைத்தே பார்ப்பார்கள். ஓரங்களில் மறைந்திருந்த பார்வை தம்பிக்கு இப்போதே கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

"அப்போ மூளைக் கட்டிக்கு ரத்தப் பரிசோதனையே போதுமா?" என்று சித்தப்பா கேட்டார். போதாது. ஜெர்ம் செல் கட்டி என்று ஒரு வகைக்கு ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற அளவுகள் உதவுகின்றன. பக்கத்துக் கட்டிலில் இருந்த அண்ணனுக்கு கிளையோமா, மூளைத் திசுவிலேயே வளரும் கட்டி. அதன் டி.என்.ஏ. துணுக்குகள் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி வருவது அரிது. 2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு தேடியபோது, கிளையோமா உள்ளவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களின் ரத்தத்தில்தான் கிடைத்தது. அவருக்கு மண்டையைத் திறந்துதான் சதை எடுத்தார்கள். அவர் மனைவியின் முன்னால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. எங்களுக்கு வாய்த்தது அவர்களுக்கு வாய்க்கவில்லை, வேறென்ன சொல்ல?

அந்தத் தங்கை கேட்டது ஒன்றுதான்: ரத்தம் அனுப்பும்போது ஃபார்மில் நோய் விவரத்தை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இனி யாருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்காமல் நான் நகரமாட்டேன்.

இரவெல்லாம் வராண்டாவில் கூட இருந்த மாமாவுக்கும், சாப்பாடு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், லீவு கேட்காமலே கொடுத்த மேனேஜருக்கும், நம்பரைப் பார்த்ததும் யோசிக்காமல் முடிவை மாற்றிய டாக்டருக்கும் நன்றி. ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களே, அது வேறு யாருக்கோ போயிருக்கும், அவர்கள் சார்பிலும் நன்றி.

ஆபரேஷனுக்கென்று நீங்கள் தந்த பணத்தை இந்த வாரமே திருப்பி அனுப்புகிறேன். வேண்டாம் என்று யாரும் போன் செய்யாதீர்கள், எடுக்கமாட்டேன்.