'கரையாது' என்று முடித்துவிட்டால் எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கூடங்குளம் உலையில் எரித்து முடித்த எரிபொருளைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையில், அந்த எரிபொருளான யுரேனியம் டை ஆக்சைடு தண்ணீரில் கரையாது, எனவே பயமில்லை என்று ஒரு வரி வருகிறது. 31 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். விடைத்தாளில் இப்படி இருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன்.

ஆக்சிஜன் கலக்காத சாதாரணத் தண்ணீர் என்றால் சரி. +4 நிலையில் (நான்கு எலக்ட்ரான் இழந்த நிலை) உள்ள யுரேனியம் அதில் கல் மாதிரிக் கிடக்கும். ஆனால் உலையிலிருந்து வந்த எரிபொருள் பக்கத்தில் உள்ள தண்ணீரைச் சும்மா விடுமா? கதிர்வீச்சு பட்டுத் தண்ணீர் உடைகிறது. ஹைட்ரஜனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகின்றன. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பெராக்சைடுதான். அந்தக் கதிர்வீச்சில் ஒரு வகையான ஆல்ஃபா துகள் தண்ணீருக்குள் ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்குகூடப் போகாது. அதனால் அது உண்டாக்கும் பெராக்சைடு எரிபொருளின் மேற்பரப்பை ஒட்டியே தேங்கி, யுரேனியத்தை +6 நிலைக்கு ஏற்றுகிறது. +6 யுரேனியம் ஆக்சிஜனோடு சேர்ந்து யுரேனைல் அயனியாகிக் கரையும். கார்பனேட் கலந்த தண்ணீரில் இன்னும் தாராளமாகக் கரையும்.

பெராக்சைடு மேலும் சேர்ந்தால், கரைந்ததே வெளிர்மஞ்சள் வீழ்படிவாக இறங்கிவிடும் என்பது வேடிக்கை. 1979-ல் பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படித்தபோது, சோடியம் சோதனைக்கு வைத்திருந்த யுரேனைல் அசிட்டேட் கரைசலில் பேராசிரியர் சில சொட்டு பெராக்சைடு விட்டார். பால் திரிந்த மாதிரி ஆனது. இந்த வெளிர்மஞ்சள் சேர்மம் காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்தில் ஸ்டட்டைட் என்ற கனிமமாகவே கிடைத்து, 1947-ல் பதிவானது. அங்கே யார் போய்ப் பெராக்சைடு ஊற்றினார்கள்? தாதுவின் கதிர்வீச்சே தண்ணீரிலிருந்து அதைத் தயாரித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை விபத்தில் உருகி உறைந்த எரிபொருள் குழம்பின் மேலும், அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு அணு வளாகத்தின் சேமிப்புக் குளத்தில் கிடந்து அரித்துப்போன எரிபொருளின் மேலும் இதே கனிமத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். எரிபொருளுக்கும் அதைப் போட்டு வைக்கும் குளத்துத் தண்ணீருக்கும் நடுவில் சிர்கோனியம் கலந்த உலோகக் குழாய் இருக்கிறது. காப்பது அதுதான். குழாயில் ஓட்டை விழாமல் இருக்கிறதா, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாம் கரைந்து வந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கும் பாதி மதிப்பெண்தான்: ஆக்சிஜன் இல்லாமல் ஹைட்ரஜன் மிகுந்த இடத்தில் இந்த +6 ஏற்றம் அடங்கிப்போகிறது. அப்படிப்பட்ட இடமான கனடாவின் சிகார் ஏரிப் பகுதியில், சுமார் 430 மீட்டர் ஆழத்தில், யுரேனியத் தாது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் கரைந்து போகாமல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது அவளும் ஆசிரியை, கட்டுரையை வகுப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறாளாம். அதனால்தான் இந்த அவசரம்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
வள்ளியூர்