பேப்பர் போட்ட பிறகுதான் சம்பளம் உயருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் துறையில் தேர்ந்த ஆள் கிடைப்பதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பத்தொன்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் ஆள் எடுப்பதும் என் வேலைதான். ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மை. ஆனால் கட்டுரை முழுக்கப் புதிதாக எடுப்பதைப் பற்றியே இருந்தது. இருக்கிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று ஒரு பத்திகூட இல்லை.

நான் முன்பு இருந்த நிறுவனத்தில் ஒருவர் ஆறு வருடம் எங்களோடு வேலை பார்த்தார். மாதக் கடைசியில் வாடிக்கையாளர்களுக்கான பில்களைப் போடும் பில்லிங் மென்பொருள் முழுக்க அவர் பொறுப்பு. அது எங்கே சிக்கும், சிக்கினால் எந்தத் தரவு அட்டவணையில் எதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இரவு இரண்டு மணிக்கு அலர்ட் வந்தாலும் அவர்தான் எழுந்து பார்ப்பார். ஒருநாள் அதே குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். அனுபவம் இவரைவிடக் குறைவு, சம்பளமோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. சந்தை நிலவரம் அப்படி என்றார்கள் ஹெச்.ஆர். பிரிவில். புதியவருக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பும் இவர் தலையிலேயே விழுந்தது. இரண்டு மாதம் பொறுத்தார். அப்புறம் பேப்பர் போட்டுவிட்டார், அதாவது ராஜினாமா கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே அவரைக் கூப்பிட்டு, புதியவருக்குக் கொடுத்ததைவிட அதிகமாகத் தருகிறோம் என்றோம். அவர் ஒன்றுதான் கேட்டார்: “நேத்து வரைக்கும் இந்தப் பணம் எங்க சார் இருந்தது?” அறையில் இருந்த யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நோட்டீஸ் காலத்தில் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அடுத்த மாதக் கடைசியில் பில்லிங் நின்றது. என்ன செய்ய வேண்டும் என்பது எழுதியதில் இருந்தது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது அவரோடு போய்விட்டது. நாலு பேர் இரண்டு இரவு விழித்துத்தான் சரிசெய்தோம். அந்த நாலு பேரில் ஒருவர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கிளம்பிவிட்டார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

போனவருக்குப் பதில் இரண்டு பேரை எடுத்தால் சரியாகிவிடும் என்று மேலிடத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற கணினி இயக்க மென்பொருளை உருவாக்கும் பணியை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பழையவரின் நேரம்தான் போகிறது. ஐந்து பேர் குழுவில் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய ஜோடிகள் 10, பத்து பேர் ஆனால் 45. ஆள் இரண்டு மடங்கு, பேச்சு நான்கரை மடங்கு.

ஆள் எடுக்கும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கருவியை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ் 2020-இல் ட்விட்டரில் எழுதியது பலருக்கு நினைவிருக்கும். ஒரு வேலைக்கு அதில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்களாம். அவர் அதை உருவாக்கியே அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. கருவிகளின் பெயரைப் பட்டியல் போட்டுச் சலித்தால், அவற்றை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவர் முதல் சுற்றிலேயே வெளியே போய்விடுகிறார். ஃப்ரெஷர்களை எடுக்கவே மாட்டோம், எல்லோரும் ஐந்து வருட அனுபவத்தோடு வர வேண்டும் என்கிற நிறுவனங்களையும் பார்க்கிறேன். அந்த முதல் ஐந்து வருடத்தை யார்தான் கொடுப்பது? விதைநெல்லையும் சேர்த்துச் சமைத்துவிட்டு விளைச்சல் இல்லை என்று புலம்பினால் எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இதையெல்லாம் பார்த்த இளைஞர்களிடம் “விசுவாசமே இல்லை” என்று குறைபட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் வருடத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்பதற்கு முன்பே, ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் ஒரு கேள்வியை எழுதுகிறோம்: இவரை இன்று வெளியிலிருந்து எடுத்தால் என்ன கொடுப்போம்? வித்தியாசம் தெரிந்தால் அந்த மாதமே சரிசெய்யப் பார்க்கிறோம். இதற்காக நிதிப் பிரிவோடு ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, கட்டுகிறோம். இரவில் கோளாறு வந்தால் எழுந்து பார்க்கும் ஆன்கால் முறை பார்த்தவர் மறுநாள் மதியம் வரை வர வேண்டியதில்லை. அந்த இரவுக்குத் தனியாகப் பணமும் உண்டு. இவ்வளவு செய்தும் சிலர் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் கோபத்தோடு போவதில்லை. போன ஒருவர் எட்டு மாதம் கழித்துத் திரும்பியும் வந்திருக்கிறார்.

அடுத்த முறை இந்தப் பொருளை எடுக்கும்போது, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் அதிகாரிகளோடு, அவர்களிடமிருந்து வேலையை விட்டுப் போன நாலு பேரையும் உங்கள் நிருபர் சந்தித்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மென்பொருள் குழு மேலாளர் ஒருவர்